மார்பகத்தை நீக்கிய பிறகு என்ன? டாக்டர் சொல்லாத பதில்கள் யாரிடம் இருக்கு?

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலையைத் தாண்டி, கடலை நெருங்க நெருங்க உப்பளங்கள் கண்ணில் படத் தொடங்கும். இந்தப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தால், வீட்டார் அழைத்துப் போகும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அதையும் தாண்டினால் சென்னை அடையாறு.

அறுவை சிகிச்சை முடியும். சில நாட்களில் டிஸ்சார்ஜ். அதுக்கப்புறம்?

எப்போ கையைத் தூக்கித் தலை வாரலாம்? எப்போ தண்ணிக் குடம் எடுக்கலாம்? ரவிக்கை எப்படித் தைக்கிறது? வீட்டுக்காரர் முன்னாடி எப்படி உடை மாத்துறது? டாக்டரிடம் கேட்கக் கூச்சம். அம்மாவிடம் சொன்னால் அழுவார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர், இதே அறுவை சிகிச்சையைக் கடந்து வந்த இன்னொரு பெண்தான். அவருடைய துணை எப்படி உதவுகிறது, எந்த இடத்தில் உதவாது என்பதைப் பார்க்கலாம்.

இது எத்தனை பேருடைய பிரச்னை?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட 2022-ம் ஆண்டுக்கான கணக்கின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான்.

புற்றுநோய் என்றாலே மார்பகத்தை எடுத்தாக வேண்டும் என்பதில்லை. கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கதிர்வீச்சு கொடுப்பதே பலருக்குப் போதும். நம்ம ஊரில் பலரும் கட்டி பெரிதான பிறகுதான் வருகிறார்கள் என்பதால், முழு நீக்கம் இன்னும் அதிகமாகவே நடக்கிறது.

முதல் மாதம் எப்படி இருக்கும்?

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும்போது, விலாப் பக்கத்தில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து சிறிய பை அல்லது குடுவையில் முடியும். இதற்குப் பெயர் டிரெயின். காயத்துக்குள் சேரும் நீர் இதன் வழியாக வெளியேறும். தினமும் எத்தனை மில்லி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எடுப்பார்கள். அதனால் பலர் டிரெயினோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். இதை வைத்துக்கொண்டு பேருந்தில் எப்படிப் போவது? நைட்டிக்கு உள்பக்கம் சின்னப் பை ஒன்று தைத்து அதில் டிரெயினைப் போட்டுக்கொள்ளலாம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்காது. அனுபவப்பட்டவர் சொல்லித்தான் தெரியும்.

டிரெயினை எடுத்த பிறகும் சிலருக்குத் தோலுக்கு அடியில் நீர் கோக்கும். ஊசியால் எடுத்துவிடலாம், பயப்பட வேண்டியதில்லை. காய்ச்சல், காயம் சிவந்து சூடாவது, சீழ், திடீர் வீக்கம் இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்க.

இல்லாத மார்பகத்தில் அரிப்பதுபோலவும் வலிப்பதுபோலவும் தோன்றும். அக்குளும் மேற்கையின் உள்பக்கமும் மரத்துப் போயிருக்கும். சில வாரம் கழித்து அக்குளில் இருந்து முழங்கை வரை கம்பி இழுத்துக் கட்டியதுபோல ஒரு இறுக்கம் வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு. இது நோய் இல்லை, பிசியோதெரபியில் சரியாகக்கூடியது. ஆனாலும் புதிதாக எது வந்தாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கைப் பயிற்சி முக்கியம். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது போன்றவற்றை மறுநாளே தொடங்கச் சொல்வார்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு மேலே கொண்டுபோவது. எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால், அடுத்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். மறுசீரமைப்பும் சேர்த்துச் செய்திருந்தால், தோளுக்கு மேலே கையை எப்போது தூக்கலாம் என்பதை அந்த சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

உப்பளத்துக்குத் திரும்பப் போகலாமா?

மரக்காணம் பக்கத்துப் பெண்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. உப்பு வாருவது, கூடை சுமப்பது, மீன் கூடை தூக்குவது எல்லாமே கையை நம்பிய பிழைப்பு.

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை நீக்கவும் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை எடுப்பார்கள். கையில் இருந்து நீரை வடியவிடும் பாதை அது. முடிச்சுகள் போனாலும், அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தாலும், சிலருக்குக் கை வீங்கும். லிம்ஃபெடீமா என்று சொல்வார்கள். சில மாதத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவதும் ரவிக்கைக் கை பிடிப்பதும் முதல் அறிகுறிகள். ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுக் கட்டுவது, அழுத்த உறை, மசாஜ், பயிற்சி என்று கட்டுக்குள் வைக்கலாம்.

உப்பளத்தில் ஆபத்து இரண்டு வகை. உப்பும் வெயிலும் தோலை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்தால் வீக்கம் சட்டென்று ஏறும். அதனால் அந்தக் கைக்கு முழுக்கைச் சட்டை, கையுறை, வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுவது, சின்ன வெட்டாக இருந்தாலும் மருந்து போடுவது ஆகியவை கட்டாயம். மதிய வெயிலையும் தவிர்க்கப் பாருங்க.

இரண்டாவது, சுமை. "இனி ஆயுசுக்கும் அந்தக் கையில் எடை தூக்காதே" என்று பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான அமெரிக்க ஆய்வு இதை மாற்றியது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை அதில் சேர்த்தார்கள். மேற்பார்வையோடு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. கையில் பலம் கூடியது. ஆனால் இதைப் படித்துவிட்டு மறுவாரமே முழுக்கூடையைத் தலையில் ஏற்றக் கூடாது. கால் கூடை, அரைக் கூடை என்று பல வாரங்களில் ஏற வேண்டிய விஷயம். கூலி வேலையில் கால் கூடை தூக்க யார் விடுவாங்க என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்கள் சிலருக்குக் கை தேற உதவலாம். ஆனால் அதற்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுசீரமைப்பு: யாருக்கு, எப்படி?

நீக்கிய மார்பகத்தின் இடத்தில் புதிய மார்பக வடிவத்தை உருவாக்கும் அறுவை சிகிச்சை இது. நம் நாட்டில் செய்துகொள்பவர்கள் குறைவு. பலரிடம் இப்படி ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்வதே இல்லை. 'இந்த வயசுல இது எதுக்கு' என்று வீட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். வயதைக் காட்டி மற்றவர்கள் எடுக்கிற முடிவு இல்லை இது.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிலிக்கான் இம்பிளான்ட். தோல் போதாவிட்டால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரிப்பார்கள். அறுவை சிகிச்சை சிறியது, குணமாவதும் சீக்கிரம். ஆனால் இம்பிளான்ட் ஆயுசுக்கும் வராது, பின்னாளில் மாற்ற வேண்டி வரலாம். கதிர்வீச்சு பட்டால் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட சிலவகை இம்பிளான்ட்டுகளுக்கும் ஓர் அரிய வகை லிம்ஃபோமாவுக்கும் தொடர்பு தெரியவந்ததால், 2019-ல் அவற்றை ஒரு பெரிய நிறுவனம் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. எந்த வகை வைக்கிறார்கள் என்று கேட்டு, அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்க.

இன்னொன்று, உங்கள் உடம்பில் இருந்தே எடுப்பது. முதுகுத் தசையையோ, அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையுமோ எடுத்து மார்பில் வைப்பார்கள். பார்க்கவும் தொடவும் இயல்பாக இருக்கும், வருடங்கள் நிற்கும். ஆனால் பல மணி நேர அறுவை சிகிச்சை, இரண்டு இடத்தில் காயம். வயிற்றில் இருந்து எடுத்தால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. முதுகில் இருந்து எடுத்தால் தோளின் பலம் கொஞ்சம் குறையலாம். உப்பு வாருகிற கைக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'நான் இன்ன வேலை செய்றேன்' என்று சர்ஜனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்க.

எந்த வழியாக இருந்தாலும் உருவம்தான் திரும்பும், பழைய தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள்தான் பிறகு மனம் உடைகிறார்கள். மறுசீரமைப்பு செய்தால் நோய் திரும்ப வரும் என்ற பயமும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. மார்பகம் எடுக்கும் அன்றைக்கே செய்யலாம், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்தும் செய்யலாம். இன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்லை.

வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். பிராவுக்குள் வைக்கும் சிலிக்கான் வடிவங்கள் கடையில் சில ஆயிரம் ரூபாய். நூலில் பின்னிப் பஞ்சு அடைத்த வடிவங்கள் இன்னும் லேசானவை, வேர்வைக்கும் ஒத்துவரும். அமெரிக்காவில் பார்பரா டெமொரெஸ்ட் என்ற பெண், தன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2011-ல் தொடங்கிய நிட்டட் நாக்கர்ஸ் இயக்கம் இவற்றை இலவசமாகக் கொடுக்கிறது. மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் மட்டும் எடை இல்லாமல் போனால் தோளும் முதுகும் கோணி வலிக்கும். அதனால் இதை வெறும் அழகு சமாச்சாரமாகப் பார்க்க வேண்டாம்.

'எனக்கும் இதேதான் நடந்துச்சு'

1952-ல் நியூயார்க்கில் தெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பகம் நீக்கப்பட்டது. கையை எப்படி அசைப்பது, என்ன உடுத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தானே கற்றுக்கொண்டு, பயிற்சிக்கு ஒரு கயிறும் பந்தும், பிராவுக்குள் வைக்கத் தற்காலிக வடிவம் ஒன்றும் எடுத்துக்கொண்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போனார். டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் 'ரீச் டு ரிகவரி' என்ற அந்த முயற்சியை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கமே ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இப்படிப்பட்ட துணை ஆயுளைக் கூட்டுமா? கூட்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பரவிய நிலையில் இருந்த 86 பெண்களை வைத்து டேவிட் ஸ்பீகல் 1989-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், குழுவில் சேர்ந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. ஆனால் 2001-ல் 235 பெண்களோடு கனடாவில் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனச்சோர்வும் வலியும் குறைந்தது, அதுவும் ஆரம்பத்தில் அதிகம் துவண்டிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். ஆகவே துணைக்குழுவை நம்பி கீமோவையோ மாத்திரையையோ நிறுத்துவது ஆபத்து.

நல்ல துணைவருக்குச் சில வரையறைகள் உண்டு. அவருடைய சொந்தச் சிகிச்சை முடிந்து போதிய காலம் ஆகியிருக்க வேண்டும். 'எனக்கு இந்த மருந்து கொடுத்தாங்க, நீயும் கேளு' என்று சொல்லக் கூடாது. கட்டியின் வகை ஆளுக்கு ஆள் மாறும். கேட்டதை வெளியே சொல்லவே கூடாது. குழுவில் ஒருவருக்கு நோய் திரும்பும்போதும், ஒருவர் இறக்கும்போதும் மற்றவர்கள் ஆடிப்போவார்கள். அதை மூடி மறைக்காமல் பேச, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் கூட இருப்பது நல்லது.

கிராமத்தில் இன்னொரு சிக்கல். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெண் கேட்டு வரும் நேரத்தில் 'அவங்க அம்மாவுக்கு அந்த நோயாமே' என்ற பேச்சு வந்துவிடுமோ என்று மறைக்கிறார்கள். தொத்து நோய் என்று தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகளும் உண்டு. மார்பகப் புற்றுநோய் தொத்தாது. ஆனாலும் பேச்சுக்குப் பயப்படுபவரிடம், பக்கத்துத் தெருப் பெண்ணோடு பேசு என்றால் பேச மாட்டார். வேறு ஊர்ப் பெண் ஒருவரோடு போனில் பேசுவது எளிது. அந்தப் போன் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது என்றால், கீமோவுக்கு வரும் நாளில் வார்டிலேயே சந்திக்க வைக்கலாம். உண்மையில் நம்ம ஊரில் பெரும்பாலான துணைகள் உருவாவதே அந்த வராந்தா பெஞ்சில்தான்.

எங்கே கேட்கலாம்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. 1998-லும் 2004-லும் இரண்டு முறை மார்பகப் புற்றுநோயைக் கடந்த சென்னையைச் சேர்ந்த நீர்ஜா மாலிக், பல ஆண்டுகளாக நோயாளிகளோடு பேசி வருகிறார். எந்த மருத்துவமனையாக இருந்தாலும், மருத்துவ சமூகப் பணியாளரிடமோ வார்டு நர்ஸிடமோ "இதே ஆபரேஷன் செஞ்ச யாரோடயாவது பேச முடியுமா?" என்று நேராகக் கேளுங்க.

ஊரில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. வீடு வீடாக வரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கை வீக்கத்தைச் சொல்லிப் பதிவு செய்யலாம். உடல்நல ஆலோசனைக்கு 104, மனசு தாங்காத நேரத்தில் 14416.

பணம்? முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மறுசீரமைப்பில் எந்த வகை அதில் சேரும் என்பதை, அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்க. ஜிப்மர் போகிறவர்கள், அது மத்திய அரசு நிறுவனம் என்பதால், எந்த அட்டை செல்லும் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்க. டிரெயின் எழுதிய நோட்டையும், ஆபரேஷன் குறிப்பையும், பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஒரே பையில் வைத்து, ஒவ்வொரு தடவையும் அந்தப் பையோடு போங்க.