அரை மீட்டர் துணி

அம்மாவுக்கு இரண்டு வருடங்களாக வலது தோள்பட்டையில் வலி. சாப்பிட்ட பிறகு கூடும். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். வயதாகிவிட்டது, வேலையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். அந்த வேலையை யார் தலையில் இறக்கிவைப்பது என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது பித்தப்பைக் கல். அறுவை முடிந்ததும் கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வந்த எல்லோரிடமும் அம்மா அதைத் திறந்து காட்டினாள்.

பித்தப்பையின் நோவு தோளில் தெரிவதில் மாயம் எதுவுமில்லை. வீங்கிய பித்தப்பை உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தில் போய்ச் சேரும் இடத்தில்தான் தோளின் நரம்புகளும் சேர்கின்றன. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளை தடுமாறிவிடுகிறது. எந்த உள்ளுறுப்பு கெட்டால் தோலின் எந்தப் பகுதி வலிக்கும் என்பதை 1893இல் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட் வரைந்து காட்டினார். இங்கே தொட்டால் நோகிறது என்று நோயாளி சொல்வதை நம்பாமல் அப்படியொரு படம் போட முடியாது.

இரண்டே ஆண்டுகள் கழித்து வியன்னாவில் நடந்தது வேறு. பெர்லினைச் சேர்ந்த மூக்கு மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிளீஸ், பெண்ணின் பிறப்புறுப்புக்கும் மூக்குக்கும் தொடர்பு உண்டு, மாதவிடாய் வலியை மூக்கிலேயே தீர்க்கலாம் என்று நம்பியவர். விடையை முதலிலேயே கையில் வைத்திருந்தார். அவருடைய நண்பர் சிக்மண்ட் பிராய்டிடம் சிகிச்சை பெற்றுவந்த எம்மா எக்ஸ்டைனுக்கு முப்பது வயது. வயிற்றுவலியும் மாதவிடாய்த் தொல்லையும் இருந்தன. 1895 பிப்ரவரியில் ஃபிளீஸ் வந்து எம்மாவின் மூக்கினுள் எலும்பில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துவிட்டு ஊர் திரும்பினார். வீக்கமும் இரத்தப்போக்கும் நிற்கவில்லை. மார்ச்சில் வேறொரு மருத்துவர் மூக்கில் தெரிந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். ஃபிளீஸ் உள்ளேயே விட்டுப்போன கட்டுத்துணி, அரை மீட்டர் நீளம், வெளியே வந்தது. இரத்தம் பீறிட்டது. பிராய்டு தலைசுற்றி அடுத்த அறைக்குப் போய் பிராந்தி குடித்தார். திரும்பி வந்தவரைப் பார்த்து, ஆண்களின் வலிமை இவ்வளவுதானா என்கிற விதமாகக் கேலி செய்தார் எம்மா. சாகக் கிடந்தவர்! இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

துணி எல்லோர் கண்முன்னும் கிடந்தது. ஆனாலும் 1896இல் பிராய்டு ஃபிளீஸுக்கு எழுதிய கடிதங்களில் அந்த இரத்தப்போக்கு ஹிஸ்டீரியா ஆகிவிட்டது, ஏக்கத்தால் வந்தது ஆகிவிட்டது. நண்பர்மீது தவறில்லை.

எம்மாவின் முகம் ஒரு பக்கம் சிதைந்தே போனது. பின்னாளில் அவரே உளப்பகுப்பாய்வு செய்தார். குழந்தை வளர்ப்பில் பாலியல் பற்றி 1904இல் ஒரு சிறு நூலும் எழுதினார். 1950இல் அச்சான கடிதத் தொகுப்பில் இந்த மூக்கு அறுவை பற்றிய பேச்சு இல்லை. தொகுத்தவர்களில் ஒருவர் பிராய்டின் மகள் அன்னா. கடிதங்கள் முழுமையாக வெளிவந்தது 1985இல்.

அம்மாவின் டப்பா இன்னும் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. தூக்கிப் போடட்டுமா என்று போன மாதம்கூடக் கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள்.