மேரி சூவும் அந்த நீளமான ஸ்கார்ஃபும்

கதையில் ஒரு பெண் வருகிறாள். எல்லாம் தெரிந்தவள், பார்த்தவுடன் எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. உடனே ஆங்கில வாசகர்கள் "மேரி சூ"ன்னு ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். எழுதியவர் தன் ஆசைக்கே சட்டை மாட்டிக் கதைக்குள் அனுப்பிவிட்டார் என்று அர்த்தம். யார் இந்த மேரி சூ?

1973. ஸ்டார் ட்ரெக் தொடர் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்க ரசிகர்கள், அதிலும் நிறைய பெண்கள், அதே பாத்திரங்களை வைத்துத் தாங்களே கதை எழுதி, டைப் அடித்து, சின்னச் சின்ன இதழ்களாகத் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். அப்படியொரு இதழ் 'மெனாஜரி'. அதன் ஆசிரியர்களில் ஒருவர் பௌலா ஸ்மித். வந்து குவிந்த கதைகளில் ஒரே மாதிரிப் பெண் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, கேலியாக ஒரு குட்டிக் கதை எழுதினார். லெஃப்டினன்ட் மேரி சூவுக்கு வயது பதினைந்தரை. கேப்டன் கிர்க் காதலைச் சொல்கிறார், ஸ்பாக் அவளுடைய தர்க்கத்தை மெச்சுகிறார், மற்றவர்கள் படுத்துவிட்டால் கப்பலையே ஓட்டுகிறாள், நோபல் பரிசு வாங்குகிறாள். கடைசியில் எல்லாரும் அழ, அழகாகச் செத்தும்போகிறாள். அவள் பிறந்தநாள் கப்பலுக்கே விடுமுறை!

பெண்களுக்குள் ஓடிய ஜோக்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிசு. இந்த ரசிகைகளோடு பழகி ஆய்வு செய்த கமீல் பேகன்-ஸ்மித் 1992ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேரி சூ என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து பெண் பாத்திரங்களையே தவிர்த்தவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆண்கள் செய்யலையா என்ன? 1987ல் வந்த அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரில் வெஸ்லி என்ற பையன். பெரியவர்கள் திணறும்போது கப்பலைக் காப்பாற்றுவான். தொடரை உருவாக்கியவரின் முழுப்பெயர் யூஜீன் வெஸ்லி ராடன்பெரி. ரசிகர்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள், சரி. ஆனாலும் அந்த வகைப் பாத்திரத்துக்கு நிலைத்த பெயர் ஒரு பெண்ணுடையதுதான்.

அதே சமயம் பிரிட்டனில் டாக்டர் ஹூ. எல்லாம் தெரிந்த, செத்தாலும் வேறு முகத்தோடு எழுந்துவரும் ஆள். இவரைவிட ஆசைக்கனவு வேணுமா? 1974ல் டாம் பேக்கர் அந்த வேஷத்துக்கு வந்தபோது, உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சசன் பல நிறக் கம்பளி நூலை வாங்கி பெகோனியா போப் என்ற பெண்மணியிடம் ஸ்கார்ஃப் பின்னக் கொடுத்தார். எவ்வளவு போதும்னு சொல்லலை போல. அவர் மொத்த நூலையும் பின்னிவிட்டார்! கழுத்தைச் சுற்றியும் தரையைத் தொடும் நீளம். பேக்கருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

கேட்ட ரசிகர்களுக்கு பிபிசி பின்னல் முறையை எழுதியே அனுப்பியது. நம்ம பாஷையில் சொன்னால் எளிமையான லூப்: எல்லா வரிசையும் ஒரே வகைப் பின்னல், இந்த நிறத்தில் இத்தனை வரிசை, பிறகு நிறம் மாற்று. ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும், பொறுமைதான் வேணும். இன்றைக்கும் ரசிகர்கள் எந்த சீசன் ஸ்கார்ஃப், எந்த நிறம் எத்தனை வரிசைன்னு எண்ணி, சண்டை போட்டுப் பின்னுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு டாக்டராக நிற்பதும், கதைக்குள் லெஃப்டினன்டாக நுழைவதும் எனக்கு ஒரே ஆசையாகத்தான் தெரிகிறது. ஸ்கார்ஃபைப் பார்த்தால் "எத்தனை நாளாச்சு பின்ன?" என்றுதான் கேட்பார்கள்.