பாண்டியர் இலாயத்துப் பரிகள்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறியாத தமிழர் இலர். குதிரை வாங்கக் கொண்டு சென்ற அரசாங்கப் பொன்னை மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது அக்கதையின் தொடக்கம். பாண்டியரின் பொன் குதிரைக்காகக் கடல் கடந்து சென்றது வரலாறும் ஒப்பும் செய்தியாகும்.

13ஆம் நூற்றாண்டில் அவ்வாணிகத்திற்குப் பெயர்பெற்ற துறை, தாமிரபரணிக் கழிமுகத்தில் இருந்த காயல். அராபியர் மாபார் என்று அழைத்த நம் கடற்கரைக்கும், கம்பாயத்து முதலிய பிற துறைகளுக்குமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகின்றார். ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் மடிந்த குதிரைக்கும் கருவூலம் விலை கொடுத்ததாம்!

இத்துணைப் பொருள் கொடுத்து வாங்கிய பரிகள் என்னாயின? பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கியும், ஆண்டின் முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார் மார்க்கோ போலோ. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டினர் என்றும், குதிரை மருத்துவர் இந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவர் குறிக்கின்றார். குதிரை மடிந்தால்தானே மறு குதிரை விற்கும்! வறுத்த தானியத்தில் நெய் கலந்தும், காய்ச்சிய பாலைப் பருகத் தந்தும், 40 நாள் முளையில் கட்டியே வைத்துக் கொழுக்கச் செய்தனர் என்பது வஸ்ஸாபின் கூற்று. அதன்பின் பயிற்சியின்றியே விரைந்து ஓட்டினராம்.

அயலார் குறிப்பில் மிகைக்கூற்றும் இருக்கலாம். ஆயினும் அவர்கள் கூறும் முறையைக் கேட்கும் இன்றைய கால்நடை மருத்துவர், முதலில் குடலடைப்புச் சூலையையே அஞ்சுவார். குதிரைக்கு இரைப்பை சிறிது. உண்டதை வாந்தியெடுக்கவும் இயலாது. பெருங்குடல் மடிந்து குறுகும் வளைவில், நீர் குன்றி இறுகிய உணவு எளிதில் தங்கிவிடும். நார்த்தீவனமும் நீரும் நடையும் குறைந்தால் இத்தொல்லை நேர்கின்றது. திடீரென மாற்றிய தீவனமும், மிகுதியாக இட்ட தானியமும் சூலைக்கு வழி செய்வன.

அடிக்கடி இந்நோய் காணும் குதிரைக்குப் பசும்புல்லே முதல் உணவு. உலர்புல்லை நனைத்து இடலாம். தானியத்தைக் குறைத்துச் சிறு சிறு வேளைகளாகத் தரலாம். தூய நீர் எப்போதும் எதிரே இருத்தல் வேண்டும். தீவனத்தை மாற்றுவதாயின் பத்து நாளளவில் சிறிது சிறிதாக மாற்றுதல் நலம். பல்லையும் பார்த்தல் வேண்டும். மெல்லாத புல் குடலில் இறுகும். வலியால் தரையை உதைத்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, சாணமிடாது நிற்குமாயின் தீவனத்தை நிறுத்தி, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

பிற்காலத்துச் சென்னைக் குதிரைப்படையில், குதிரைக்காரனோடு நாள்தோறும் புல் கொணரும் ஆளும் இருந்தான். நெய்யும் பாலும் அன்பின் அடையாளமாகவே பாண்டியர் இலாயத்தில் இடப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த அன்பு, குதிரையின் வயிற்றை அறிந்த அன்பு அன்று. கருவூலத்துப் பொன் ஆண்டுதோறும் கடல் கடந்தது. வேண்டியிருந்த புல்லோ, காயலுக்கு அருகே ஆற்றங்கரையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது.