ஆடித் தள்ளுபடியும் நின்று உழைக்கும் ஆடையும்

ஆடி பிறக்குமுன்னரே நம் வீடுகளில் இரண்டு பேச்சுக்கள் எழுவதுண்டு. புதிதாய் மணமுடித்த பெண்ணை அழைத்து வந்து ஆடிச் சீர் செய்வது ஒன்று. எந்த ஜவுளிக் கடையில் நூற்றுக்கு எத்தனை வீதம் குறைத்திருக்கின்றனர் என்பது மற்றொன்று. முன்னது பெண்ணைப் பெற்றவர் கையைக் கடிக்கும் செலவு. பின்னது அச்செலவைத் தணிக்க வந்த நண்பன்போல் முகங் காட்டுவது. அந்நண்பன் மெய்யான நண்பன்தானா என்பதை அவன் பிறந்து வளர்ந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்வது தக்கது என்று கருதி இதனை எழுதலானேன். யான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன், வணிகம் அறியேன். ஆயினும் துணிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழமையானது ஆதலின், அவ்வழியே புகுந்து கடைத்தெருவை அடைவேன்.

துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து துணித்து எடுக்கப்படுவது துணி. அவ்வாறே அறுத்து எடுக்கப்படுவது அறுவை. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றவர். அவர் துணி விற்றுக்கொண்டே செய்யுளும் செய்தவர். (இக்காலத்து மாணவரோ அறுவை என்றால் ஆசிரியர் பேச்சு என்றே பொருள் கொள்கின்றனர், அஃது இருக்கட்டும்.) சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் கடைவீதிகளைக் காட்டுமிடத்து, பருத்தி நூலாலும் மயிராலும் பட்டிழையாலும் நெய்த மடிகள் அடுக்கிவைத்த தெருவையும் காட்டுகின்றது. அந்நூலுக்கு உரைகண்ட அடியார்க்கு நல்லார் துகில்வகைகளின் பெயர்களை நீண்டதொரு வரிசையாய் அடுக்குகின்றார். இத்துணைப் பெயர்கள் வழங்கின எனின், விற்போர் மட்டுமன்றி வாங்குவோரும் வகையறிந்து வாங்கினர் என்று கொள்வதில் தவறில்லை. இன்று நம்மவரிற் பலர் அறிந்த வகைகள் காட்டன், பட்டு, பாலியெஸ்டர் என்னும் மூன்றே. கண்ணும் கையும் அறிந்ததை இப்பொழுது விலைச்சீட்டைப் பார்த்து அறிய முயல்கின்றோம்.

இனி, தள்ளுபடிக்கு ஆடி ஏன் வாய்த்தது? ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. குடியானவன் கையிலுள்ள காசு அம்மாதத்தில் விதையாகவும் உழவுகூலியாகவும் மண்ணுக்குள் போய்விடும். ஆடியில் மணவினை நிகழ்த்தாமையும் நம் வழக்கம். ஆகவே ஜவுளிக் கடைக்காரனுக்கு அஃது ஈ ஓட்டும் மாதம். ஆவணி முகூர்த்தங்களுக்கும் தீபாவளிக்கும் புதுச்சரக்கு வந்து இறங்கவேண்டும். பழஞ்சரக்கிலோ முதல் முடங்கிக் கிடக்கின்றது. இலாபத்தைச் சுருக்கியேனும் அதனை விற்றால்தான் புதுச்சரக்குக்குப் பணமும் அலமாரியில் இடமும் கிடைக்கும்.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ஜான் வானமேக்கர் என்னும் வணிகர், கிறிஸ்துமஸ் கழிந்து வாங்குவோர் கை வறண்டிருக்கும் ஜனவரி மாதத்தில், 1878ஆம் ஆண்டில், படுக்கை விரிப்பு முதலிய வெள்ளைத் துணிகளை விலை குறைத்து விற்றார். அது 'வெள்ளை விற்பனை' என்று பெயர் பெற்றுப் பிற நகரங்களுக்கும் பரவிற்று. அவர்க்கு ஜனவரி, நமக்கு ஆடி.

இவ்வளவில் நின்றிருந்தால் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால், விலை குறையும் என்று அறிந்த மக்கள் ஆடியிலேயே திரண்டு வரத் தொடங்கினர். மந்தமாதம் திருவிழா மாதமாய் மாறிற்று. அப்பொழுது பழஞ்சரக்கு மட்டும் போதுமா? போதாது. ஆகவே தள்ளுபடிக்கென்றே மெல்லிய நூலில், தளர்ந்த நெசவில், மலிந்த சாயத்தில் சரக்குச் செய்விக்கும் வழக்கமும் புகுந்தது. விலைச்சீட்டில் முதலில் பெரிய எண்ணை எழுதிப் பின்னர் அதனை அடித்துக் காட்டும் உத்தியும் உடன் வந்தது. எல்லாக் கடையும் அவ்வாறு செய்வதில்லை. நாணயமான வணிகர் இன்றும் உளர். ஆனால் பலகையில் எழுதிய எழுத்து இருவர்க்கும் ஒன்றேயாதலின், வேற்றுமை காண்பது வாங்குவோர் கடமையாயிற்று.

இத்தள்ளுபடிக்கு முற்றிலும் வேறான மற்றொரு தள்ளுபடியும் நம் நாட்டில் உண்டு. ஆலைத்துணியின் போட்டியாலும், நூல்வணிகர்க்குப் பட்ட கடனாலும் நெசவாளர் நலிந்த காலத்தில், 1935ஆம் ஆண்டில், சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது. பின்னர்க் கைத்தறித் துணி விலைபோகாமல் தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடிய காலத்தில், வேட்டி சேலை நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று அந்நாள் முதலமைச்சர் இராஜாஜி மத்திய அரசை வற்புறுத்தினார். 1953ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா திருச்சிராப்பள்ளித் தெருவில் இறங்கிக் கைத்தறித் துணி விற்றார். அரசியலில் எதிரெதிரே நின்ற இருவரும் இதில் மட்டும் ஒருபக்கம் நின்றமை நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே ஆலைத்துணிமீது கெஜத்துக்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, தீர்வை விதிக்கும் சட்டம் வந்தது. அத்தீர்வைப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடப்பட்டது. கைத்தறி வாங்குவோர்க்கு விலையில் கழிவு தரவும் அதிலிருந்து உதவிற்று.

இங்கே ஒரு நுட்பம் உளது. இத்தள்ளுபடியில் துணி மாறுவதில்லை. நேற்று முழுவிலைக்கு வைத்திருந்த அதே போர்வை இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. குறைந்த பகுதியை வேறொரு கை கொடுக்கின்றது. காந்தி பிறந்த நாளையொட்டிக் கதருக்கும் தீபாவளியையொட்டிக் கைத்தறிக்கும் அறிவிக்கும் கழிவு இவ்வழியில் வந்ததே. ஆசிரியராயிருந்த என் தந்தையார் ஆண்டு முழுதும் கடைப்பக்கம் தலைகாட்டமாட்டார். தீபாவளிக் கழிவு தொடங்கியதும் சீட்டில் எழுதிவைத்த பட்டியலோடு போவார். சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்துக்கொள்ளும் தவணை முறையில் எடுத்து வருவார். நான் சிறுவனாயிருந்தபோது அவர் எடுத்த சென்னிமலைப் போர்வை, ஓரம் மட்டும் இருமுறை தைக்கப்பட்டு, இன்றும் எங்கள் வீட்டில் உளது.

அத்தகைய தந்தைக்குப் பிறந்தும் யான் ஏமாந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில், ஒரு கடையில், பாதிவிலை என்ற பலகையைக் கண்டு ஐந்து சட்டைகள் வாங்கினேன். ஒன்று 400 ரூபாய். பொங்கலுக்குள் கழுத்துப்பட்டை நைந்தது. ஒன்றின் நீலச்சாயம் என் வெள்ளை வேட்டிகளுக்கெல்லாம் பங்கு கொடுத்தது. ஒவ்வொன்றையும் இருபது முறை உடுத்தியிருப்பேன். ஒருமுறைக்கு 20 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் முழுவிலையாகிய 1,200 ரூபாய் கொடுத்து வாங்கிய கைத்தறிச் சட்டையை நூற்றைம்பது முறைக்குக் குறையாமல் உடுத்தினேன். ஒருமுறைக்கு 8 ரூபாய். மலிவென்று வாங்கியது எது, விலையென்று அஞ்சியது எது என்று கணக்கு ஆசிரியரைக் கேட்கத் தேவையில்லை.

கடையில் கனமாயிருப்பது உடுத்தும்போது கனமாயிராது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பஞ்சு அரிதாகி விலை ஏறியபோது, இங்கிலாந்தின் லங்காஷையர் ஆலைகளிற் பல, பாவுநூலுக்கு இடும் கஞ்சியில் சீனக் களிமண்ணை மிகுதியாய்க் கலந்து எடை கூட்டின. அத்தகைய துணி நம் நாட்டுக்கும் வந்து இறங்கிற்று. முதல் வெளுப்பில் மண் கரைந்தோடத் துணி வலைபோல் நின்றது. கப்பலிலேயே பூசணம் பிடித்ததும் உண்டு. களிமண் இன்று அருகிவிட்டது, கஞ்சி அருகவில்லை. ஆகவே துணியின் ஒரு மூலையை இரு கையாலும் கசக்கிப் பார்க்க; மாவு உதிர்ந்தால் அங்கேயே வைத்துவிடுக. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவின் நெருக்கம் தெரியும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தால் சாயம் தன் குணத்தைச் சொல்லிவிடும். பட்டென்று சொல்லி விற்றதில் ஐயம் எழுந்தால், முந்தானை நூல் ஒன்றை உருவி வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம்: பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாய் உருளும். பட்டுக்குப் பட்டு முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் வழங்கும் கைத்தறி முத்திரையும் உள்ளன. காஞ்சிபுரத்து அசல் ஜரிகையை நகத்தால் கீறினால் வெள்ளியினடியில் சிவந்த பட்டிழை தோன்றும். இதனை நம் பாட்டிமார் அறிவர்.

மற்றொரு பழக்கமும் சொல்வேன். ஆனி தொடக்கத்திலேயே ஒருமுறை கடைக்குச் சென்று, வேண்டிய துணியின் விலையைக் குறித்து வைத்துக்கொள்க. ஆடியில் அத்துணி அவ்விலையினின்றும் மெய்யாகவே குறைந்திருந்தால் வாங்குக. இதற்குச் செலவு ஒரு நாள் நடை. வாங்காமல் திரும்ப வெட்கப்படுவோர்க்கு மட்டும் இஃது அரிது.

ஆடிச் சீரில் தட்டுகளின் எண்ணிக்கையே பெருமையாய்விட்டமையால், பெண்வீட்டார் கடன்பட்டுப் பத்துத் துணியை மலிவில் அடுக்குகின்றனர். அவற்றை இரண்டு ஆண்டுக்குப்பின் எவரும் காண்பதில்லை. சென்ற ஆடியில் என் தமக்கை மகளுக்குச் சீர் செய்யவேண்டி வந்தது. தமக்கை ஆறு சேலை என்றாள். தாய்மாமன் என்னும் உரிமையால் யான் ஒன்றே என்றேன். வீட்டில் பூசலும் நிகழ்ந்தது. ஆகஸ்டு 7ஆம் நாளை 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாய்க் கொண்டாடுகின்றனர், 1905இல் கல்கத்தாவில் சுதேசிய இயக்கம் அறிவிக்கப்பட்ட நாள் அது, ஆடிக்குள்ளேயே வருவது. அந்நாளை ஒட்டிக் கைத்தறிக் கண்காட்சிக்குச் சென்று, கரையை உடலோடு தனியே இணைத்து நெய்த காஞ்சிபுரம் சேலை ஒன்றை எடுத்தோம். ஆறு சேலைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிஞ்சிற்று.

சீர்த்தட்டு இறங்கியதும் மாப்பிள்ளையின் தாயார் மற்றத் தட்டுகளை எண்ணவில்லை. அச்சேலையை எடுத்து உட்புறம் திருப்பினார். கரை இணைந்த இடத்தை விரலால் தடவினார். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், பழைய மடிப்பிலேயே மடித்துத் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார்.