மோட்டார் சைக்கிளில் தவறான எரிபொருள் நிரப்புதல்

மோட்டார் சைக்கிளில் தவறான எரிபொருள் நிரப்புதல் என்பது, ஒரு விசையுந்தின் பொறி எந்த எரிபொருளுக்கென வடிவமைக்கப்பட்டுள்ளதோ அதற்கு மாறான ஒன்றை அதன் கலனில் கவனப்பிழையாக ஊற்றிவிடுவதாகும். இந்தியாவிலுள்ள மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை பெட்ரோலில் இயங்குவதால், பெட்ரோல் வண்டியில் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுவதே நடைமுறையில் இதன் பொருள். இரு வீச்சுப் பொறி கொண்ட பழைய மொபெட்டுகளில் எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அப்பொறிகளில் எரிபொருளுடன் வரும் எண்ணெயே உராய்வைத் தடுக்கிறது. அது இல்லையெனில் பிஸ்டன் உருளையோடு இறுகிப் பொறி நின்றுவிடும்.

== நேரும் விதம் ==

பெட்ரோல் கார்களின் நிரப்பு வாய் குறுகலானது. டீசல் குழாயின் முனை அதைவிடப் பருமனாக இருப்பதால் அது எளிதில் உள்ளே நுழையாது. மோட்டார் சைக்கிளின் கலனுக்கோ அகன்ற வாய் உள்ளது. எந்தக் குழாயையும் அது ஏற்றுக்கொள்ளும். எனவே தடுக்கும் அமைப்பு எதுவுமின்றி, பங்க் ஊழியரின் கவனமும் ஓட்டுநரின் கவனமும் மட்டுமே காப்பாக உள்ளன.

மலையூர்களில் வேறொரு வழியிலும் இது நேரலாம். சேர்வராயன் மலையில், குப்பனூரிலிருந்து ஏற்காடு செல்லும் பாதையிலுள்ள கொட்டச்சேடு போன்ற ஊர்களைச் சுற்றிக் காப்பித் தோட்டங்கள் உள்ளன. காப்பித் தோட்ட வேலைக்கு டீசல் பொறிகளும், எண்ணெய் கலந்த பெட்ரோல் தேவைப்படும் விசைத் தெளிப்பான்களும் பயன்படுகின்றன. இவற்றுக்கான எரிபொருள்கள் ஒரே மாதிரியான கேன்களிலும் தண்ணீர்ப் புட்டிகளிலும் அருகருகே வைக்கப்பட்டால், பெயர் எழுதப்படாத கேன் ஒன்று மாறிப்போவதற்கு அதிக நேரம் ஆகாது.

1934ஆம் ஆண்டின் இந்தியப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனை நோக்கமின்றி ஒருவர் உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கலாம். ஆனால் அது இறுக மூடிய கலத்தில் இருத்தல் வேண்டும். கண்ணாடிக் கலமாயின் 1 லிட்டருக்கும், உலோகக் கலமாயின் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. ஞெகிழிப் புட்டி இவ்விரண்டிலும் சேராது.

== பொறியில் நிகழ்வது ==

பெட்ரோல் ஏறத்தாழ 30 முதல் 210 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையில் கொதித்து ஆவியாகும். டீசலுக்கு இது ஏறத்தாழ 180 முதல் 360 பாகை ஆகும். பெட்ரோல் பொறியில், எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்னரே தீப்பொறி அதைப் பற்றவைக்கிறது. டீசல் அங்கே ஆவியாகாமல் நுண்துளிகளாகவே வந்து சேர்வதால் தீப்பொறிக்குப் பற்றுவதில்லை. ஸ்பார்க் பிளக் நனைந்து கரி படிகிறது. புகைபோக்கியிலிருந்து வெண்புகை வருகிறது. பெட்ரோலுடன் சிறிதளவு டீசல் கலந்திருப்பின் வண்டி ஓடக்கூடும். எனினும் டீசலின் ஆக்டேன் எண் மிகக் குறைவாதலால், ஏற்றத்தில் பொறியில் 'தட்டும்' ஓசை எழும்.

வண்டி உடனே நிற்பதில்லை என்பதே இதிலுள்ள பெரிய தொல்லை. கார்புரேட்டரின் கிண்ணத்திலும் குழாயிலும் எஞ்சிய பழைய பெட்ரோல் சில நூறு மீட்டரோ ஒரு கிலோமீட்டரோ வண்டியை இழுத்துச் செல்லும். அடிவாரத்தில் எரிபொருள் நிரப்பியவர் மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய பிறகே பொறி தடுமாறும்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவாதலால் கார்புரேட்டர் வண்டிகள் நல்ல பெட்ரோலிலும் சற்றே திணறும். எனவே முதல் அறிகுறியை உயரத்தின் விளைவென எண்ணி, ஆக்சிலேட்டரை மேலும் முறுக்குவோர் உண்டு.

எரியாத டீசல், பிஸ்டன் வளையங்களைக் கடந்து பொறி எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. பெரும்பாலான நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களில் பொறி, பற்சக்கரப் பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். ஆகவே கெடுதி பொறியோடு நிற்பதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில், எரியாத எரிபொருள் வினையூக்கி மாற்றியையும் பாழாக்கக்கூடும்.

== கண்டறிதல் ==

தாளின்மீது ஒரு துளி விட்டால், பெட்ரோல் விரைவில் ஆவியாகி மறையும். டீசல் எண்ணெய்க் கறையாகத் தங்கும். கலப்படத்தை அறிவதற்கான வடிதாள் சோதனையும் இத்தன்மையையே பயன்படுத்துகிறது. வாடிக்கையாளர் கேட்டால் இந்தியப் பெட்ரோல் பங்குகளில் அத்தாளைத் தருதல் வேண்டும்.

மழைக்காலத்தில் கலனுக்குள் நீர் இறங்கினாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள் தோன்றும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. நீர் மிகுந்தால் எத்தனால் அந்நீருடன் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டீசல் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்ததாயினும் அது பெட்ரோலுடன் முழுமையாகக் கலந்துவிடும். 'டீசல் கீழே இறங்கும், மேலே உள்ள பெட்ரோலில் ஓட்டலாம்' என்பது தவறான நம்பிக்கை.

== செய்ய வேண்டியவை ==

பங்கிலேயே தெரிந்துவிட்டால் பொறியை இயக்கக் கூடாது. எரிபொருள் செலுத்தும் வண்டிகளில் சாவியைத் திருப்பவும் கூடாது, ஏனெனில் சாவி திரும்பியவுடன் எக்கி இயங்கத் தொடங்கும். கலனை முழுவதும் வடித்து, சிறிது பெட்ரோல் ஊற்றி அலசி, மீண்டும் வடித்தல் வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தை அதன் வடிதிருகைத் தளர்த்தி வெறுமையாக்கலாம். பொறி ஓடியிருந்தால் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து அல்லது மாற்றி, பொறி எண்ணெயையும் மாற்றுவது நல்லது.

மலைச்சரிவில் நின்றுபோன வண்டியை நியூட்ரலில் அடிவாரம் வரை உருட்டிவருவது ஆபத்தானது. பொறியின் தடை இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கின்மீது விழும். நீண்ட இறக்கத்தில் டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். நின்ற இடத்தில் வடிப்பதோ, சரக்கு வண்டியில் ஏற்றுவதோ மேல்.

வடித்த கலவையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. பெட்ரோலின் தீப்பற்று நிலை ஏறத்தாழ எதிர்ம 40 பாகை செல்சியசு. இந்தியத் தரப்படி டீசலினது குறைந்தது 35 பாகை. டீசலில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் அக்கலவை அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும். 'வீணாகக் கூடாது' என்று அதனை அடுப்பிலோ விளக்கிலோ ஊற்றுவது உயிரைப் பறிக்கும் செயலாகும். ஓடைகளிலும் ஊற்றுகளிலும் கொட்டவும் கூடாது.

== தெரிந்தே மாற்றிய காலம் ==

1990இல் இலங்கையில் போர் மீண்டும் தொடங்கியபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது அரசின் பொருளாதாரத் தடையால் நின்றது. அங்குள்ள மக்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த பொறியில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சிறு போத்தலில் காத்துவைத்த சில துளிப் பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் பீச்சிப் பொறியை இயக்கினர். பொறி சூடேறியபின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரிந்தது. புகையும் கரிப்படிவும் மிகுந்தபோதிலும், நோயாளிகளைக் கொண்டுசெல்ல அதுவே வழியாக இருந்தது. மண்ணெண்ணெயின் கொதிநிலை டீசலினதைவிடக் குறைவு என்பதாலேயே இது இயன்றது. டீசலைக் கொண்டு இவ்வாறு செய்ய இயலாது.

== டீசல் மோட்டார் சைக்கிள் ==

தவறு எதிர்த்திசையிலும் நேரக்கூடிய வண்டி ஒன்று தமிழ்நாட்டிலேயே உருவானது. சென்னை திருவொற்றியூரிலிருந்த என்ஃபீல்டு நிறுவனம் 1990களில் 325 கன செ.மீ. டீசல் பொறி பொருத்திய புல்லட்டை விற்பனை செய்தது. 'டாரஸ்' என்னும் பெயர் அதற்கு உண்டு. அதன் திறன் ஏறத்தாழ 6.5 குதிரைத்திறன் மட்டுமே. தோற்றத்தில் அது பெட்ரோல் புல்லட்டை ஒத்திருந்தது. இத்தகைய வண்டியில் பெட்ரோலை ஊற்றினால், டீசலின் வழவழப்பையே நம்பியுள்ள உட்செலுத்து எக்கி உராய்ந்து தேயும்.