எல்லையூராகச் சங்ககிரி: கோட்டை, வரி, பாதை

முன்னுரை

அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரெடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில் ஒரு கட்டுரை படித்தார். மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போன குடியேற்ற எல்லைதான் அமெரிக்கச் சமூகத்தின் இயல்பை உருவாக்கியது என்பது அவருடைய வாதம். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அத்தகைய தொடர் எல்லை இனி இல்லை என்று அறிவித்ததையே அவர் தம் தொடக்கமாகக் கொண்டார். இவ்வாதத்துக்கு ஏற்ற ஊராகக் கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியைச் சொல்லலாம். 1865இல் ஒரு படைக்கோட்டை, 1872இல் ரயில், அதையொட்டி மாட்டு வணிகம் என அது எழுந்தது. 1882இல் கோட்டையிலிருந்து படை விலகியது. 1885இல் டெக்சஸ் மாடுகளுக்குத் தடை வந்ததும் அதன் பொற்காலம் முடிந்தது.

டர்னரின் கருத்து பின்னாளில் கடும் மறுப்புக்கு உள்ளானது. எல்லைக்கு அப்பால் இருந்தது வெற்று நிலமன்று, பழங்குடிகளின் நாடு என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. பட்ரீசியா லிமெரிக் 1987இல் எழுதிய நூல், மேற்கின் வரலாற்றைக் குடியேற்றத்தின் கதையாக அல்லாமல் வெற்றிகொள்ளுதலின் கதையாகப் படிக்கச் சொன்னது. ஆயினும் அரசியல் எல்லையில் பிறந்த ஊருக்கு அந்த எல்லை விலகியபின் என்ன நேர்கிறது என்ற வினா அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு விடை தரும் ஊர் சங்ககிரி. அங்கே எல்லையை உருவாக்கியது நிலவேட்கையன்று. வரியும் வரி செல்லும் பாதையும்தான். அதனால்தான் எல்லை மறைந்த பின்னும் ஊர் அழியவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இடமும் கோட்டையும்

சேலத்திலிருந்து தென்மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்று சங்ககிரி. மேற்கே காவிரி, அதன் அக்கரையில் பவானியும் ஈரோடும். தெற்கே திருச்செங்கோடு. சேலத்திலிருந்து கொங்கு நாட்டின் உட்பகுதிக்குப் போகிறவர் காவிரியைக் கடக்கும் துறைகளை அடையுமுன் இக்குன்றின் அடியைத் தாண்ட வேண்டும். குன்றின் மீது அடுக்கடுக்காக எழுந்த மதில்கள் ஒரே காலத்தவையல்ல. விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கோட்டையை மைசூர் அரசும் பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியும் பெருக்கின.

17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கருக்கும் மைசூர் உடையாருக்கும் இடையே இச்சமவெளி எல்லைநிலமாக இருந்தது. தாரமங்கலத்தைச் சார்ந்த கட்டி முதலிகள் மதுரையின் வடமேற்கு எல்லைக் காவலர்களாக விளங்கினார்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் அவர்களது செல்வத்துக்குச் சான்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் அவர்களை வென்று இப்பகுதியைத் தன்வசமாக்கியது. ஆட்சி மாறும்போதெல்லாம் புது மக்கள் வந்தார்கள்; பழைய மக்களும் போய்விடவில்லை. தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் குடிகள் இச்சமவெளியில் தமிழரோடு கலந்து வாழ்வதற்கு இந்த எல்லை வரலாறு ஒரு காரணம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தஸ்தகீர் தர்காவும் ஒரே குன்றில் இருப்பது அதன் கண்கூடான அடையாளம்.

கணக்கேட்டில் வரைந்த எல்லை

முதல் மைசூர்ப் போரில், 1768இல், கர்னல் வுட் தலைமையிலான கம்பெனிப் படை சேலம், ஆத்தூர், நாமக்கல் எனக் கோட்டைகளை வரிசையாகப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றை மைசூரை ஆண்ட ஹைதர் அலி விரைவிலேயே மீட்டார். கோட்டையைப் பிடிப்பது எளிது, வைத்திருப்பது அரிது என்பதைக் கம்பெனி அப்போது கற்றது. நிலையான மாற்றம் வந்தது மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 18.3.1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால்.

ஹைதரின் மகன் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது உடன்படிக்கை. பாதி என்பதைப் பரப்பால் அளக்கவில்லை, வருவாயால் அளந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை வராகன் என மதிப்பிட்டுக் கூட்டிக் கழித்து நாட்டைப் பிரித்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி சார்ந்த பாரமகாலும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் கம்பெனிக்கு வந்தன. கோயம்புத்தூர்ப் பகுதி திப்புவிடமே நின்றது. இதன் விளைவாக 1792 முதல் 1799 வரை இச்சமவெளியில் காவிரியே இரு அரசுகளின் எல்லை. கிழக்குக் கரை கம்பெனிக்கு, மேற்குக் கரை மைசூருக்கு. சங்ககிரி அந்த ஏழாண்டுகள் கம்பெனியின் எல்லைக் காவலூராயிற்று.

டர்னர் காட்டிய எல்லையிலிருந்து இது வேறுபடும் இடம் இதுதான். அங்கே உழவரைக் குடியேற்ற நிலம் தேடினார்கள். இங்கே உழவர் ஏற்கெனவே ஊர்களில் இருந்தார்கள். அவரிடம் வரி வாங்கும் உரிமையே கைமாறியது. நிலத்தைவிட அதை உழும் குடிதான் அரசுக்கு அரிய பொருள். இவ்வாறு கம்பெனிக்கு வந்த புதிய மாவட்டத்தின் கலெக்டரான அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்கள் தாமஸ் மன்றோ, வில்லியம் மக்ளவுட், ஜேம்ஸ் கிரகாம் ஆகியோரும் நிலத்தை அளந்து, குடிகளோடு நேரடியாகத் தீர்வை பேசும் முறையைத் தொடங்கினார்கள். தமக்கு வேண்டாத நிலத்தைக் குடியானவர் ஆண்டுதோறும் விட்டுவிடலாம் என 1796இல் ரீட் அறிவித்தார். பின்னர் மன்றோவின் பெயரோடு சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறையின் விளைநிலம் இந்த எல்லை மாவட்டமே.

இச்சலுகையின் பின்னணியில் எல்லையின் அழுத்தமும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆற்றைக் கடந்தால் வேறு அரசு என்ற நிலையில், தீர்வை தாங்காத குடிக்குப் போக்கிடம் உண்டு. அமெரிக்காவில் மேற்கின் நிலம் கிழக்கின் ஏழைகளுக்குப் போக்கிடமாக இருந்தது என்று டர்னர் வழிவந்தோர் சொல்வார்கள். இங்கே அந்தப் பணியை ஆற்றின் எதிர்க்கரை செய்திருக்கலாம்.

1805: எல்லை மறைந்த பின்

1799இல் திப்பு வீழ்ந்தார். கோயம்புத்தூரும் கம்பெனிக்கு வந்தது. காவிரி எல்லையாக இல்லாமல் போயிற்று. சங்ககிரிக் கோட்டைக்கு எதிரே பகைவர் எவருமில்லை. ஆனால் அக்கரைக் கொங்கில் பாளையக்காரர் எதிர்ப்பு அடங்கவில்லை. ஓடாநிலையைத் தளமாகக் கொண்டு போரிட்ட தீரன் சின்னமலை பிடிபட்டு, 31.7.1805 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

காங்கேயம் பகுதியில் பிறந்தவரை ஏன் ஆறு கடந்து சங்ககிரிக்குக் கொண்டுவர வேண்டும்? நம்பகமான காவற்படை உள்ள மலைக்கோட்டை அது என்பது நேரான விடை. இன்னொரு விடையை மக்கள் வழக்கு தருகிறது. மைசூர் ஆட்சியில் கொங்கின் வரிப்பணம் சங்ககிரிக்குச் செல்லும் வழியில் இளைஞரான சின்னமலை அதைப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பது அவ்வழக்கு. இதை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சங்ககிரி என்றவுடன் மக்கள் நினைவில் எழுந்தது படைபலமன்று, வரிப்பணம் போய்ச் சேரும் இடம் என்ற எண்ணமே என்பதற்கு அது சான்றாகிறது. வரி வாங்கிய கோட்டையிலேயே வரி மறுத்தவரைத் தூக்கிலிட்டது, ஆட்சி மாறினாலும் வசூல் மாறவில்லை என்று அறிவித்ததற்கு ஒப்பாகும்.

தண்டவாளமும் லாரியும்

படை விலகியதும் ஊர் தளர்ந்தது. மாவட்டத் தலைமை சேலத்தில் நிலைத்தது. டாட்ஜ் சிட்டியில் கோட்டைக்குப் பின் ரயில் வந்தது போலவே இங்கும் வந்தது. அதுவும் ஒரு பத்தாண்டு முன்னரே. சென்னையையும் மலபார்க் கரையின் பேப்பூரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1861 இறுதியில் சங்ககிரியை எட்டியது. 1862இல் போத்தனூர் வரை நீண்டு, மேற்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. இடைப்பட்ட சில மாதங்கள் சென்னையிலிருந்து வரும் ரயிலுக்குச் சங்ககிரியே கடைசி ஊர். படைகளும் வரிமூட்டைகளும் காவிரித்துறை நோக்கிப் போன அதே திசையில்தான் தண்டவாளமும் போயிற்று. பொறியாளர்கள் புதுவழி காணவில்லை. பழைய வழியை உறுதிப்படுத்தினார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இது மேலும் தெளிவாகிறது. சுண்ணாம்புக்கல்லும் ரயிலும் சேர்ந்து கிடைத்ததால் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1963இல் இங்கு ஆலை தொடங்கியது. சேலம், கொச்சி நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய மூன்றும் லாரித் தொழிலாலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் இந்தியா முழுவதும் அறியப்பட்டவை. மானாவாரிச் சமவெளியில் மழை பொய்த்தால் உழவன் சக்கரத்தை நாடுவது இயல்பு. வழி ஏற்கெனவே இருந்தது அந்த நாட்டத்துக்குத் துணையாயிற்று.

ஒரு மறுப்பும் முடிவும்

நாமக்கல்லுக்கும் கிருஷ்ணகிரிக்கும் மலைக்கோட்டைகள் உண்டு, சங்ககிரியை மட்டும் தனித்துக் காட்டுவானேன் என்று கேட்கலாம். கிருஷ்ணகிரி வடக்கு வழியைக் காத்தது. நாமக்கல்லும் 1792க்குப் பின் காவிரி எல்லையை ஒட்டியே இருந்தது. அக்கரையில் கரூர் மைசூருடையது. இந்த ஒற்றுமையை மறுப்பதற்கில்லை. ஆனால் 1860களின் பெருவழி இருப்புப்பாதை நாமக்கல்லைத் தொடவில்லை. கோட்டை, எல்லை, ரயில் மூன்றும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் படிந்தது சங்ககிரியில்தான்.

இவ்வூரின் வரலாறு இதுவரை பெரும்பாலும் ஒரு கோட்டையின் வரலாறாகவும் ஒரு வீரரின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் தேவையானவை, இரண்டும் போதாதவை. சென்னை அரசு அச்சிட்ட பாரமகால் ஆவணங்கள், எச். லெ பானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ரயில்வே பதிவுகள், லாரித் தொழில் குடும்பங்களின் வாய்மொழி ஆகியவற்றை ஒருசேர வைத்துப் படிக்கும் ஆய்வு இன்னும் செய்யப்பட வேண்டியது. சேலம், நாமக்கல் பல்கலைக்கழக, கல்லூரி வரலாற்றுத் துறைகள் அதை மேற்கொண்டால், அரசுகள் எல்லை வரைந்ததும் ஊர்கள் நிலைத்ததும் ஒரே பாதையை நம்பித்தான் என்பது ஐயமின்றி நிறுவப்படும்.