ஓர் எழுத்தை நீக்க முடியாமற்போன கதை

மென்பொருள் வரலாற்றில் சட்டகங்களைப் படைத்தோரின் பெயர்கள் நிலைத்துவிடுகின்றன. அச்சட்டகங்களைக் கருவிகளுக்குள் கொண்டுசேர்த்த உழைப்போ அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. ஜாவா மொழியின் ஜேயூனிட் சோதனைச் சட்டகத்தை இவ்வுழைப்பின் பக்கத்திலிருந்து வாசித்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது.

1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குச் சென்ற விமானத்தில் ஜேயூனிட்டை எழுதினர். பின்னர் எக்லிப்ஸ் நிரலாக்கச் சூழலின் ஜாவாக் கருவிகளை உருவாக்குவதில் முன்நின்றவரும் இதே காமாதான். சட்டகமும் கருவியும் ஒரே முற்றத்தில் வளர்ந்தன எனலாம். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு வரையவேண்டிய தேவை அன்று எவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

2006இல் வந்த நான்காம் பதிப்பு, சோதனைகளை அடையாளம் காணும் முறையையே மாற்றியது. பெயர் மரபுக்குப் பதிலாக அனோட்டேஷன் வந்தது. பழைய கருவிகளுக்கு அது புரியாது. எனவே புதிய சோதனைகளைப் பழைய சோதனைகளைப்போலக் காட்டும் ஓர் இடைப்பொருத்தியைச் சட்டகமே வழங்க நேர்ந்தது. பதினோராண்டு கழித்து ஐந்தாம் பதிப்பு வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது: நான்காம் பதிப்பை மட்டுமே அறிந்த கருவிகளுக்காக ஒரு சிறப்பு இயக்கி எழுதப்பட்டது. புதியது பழையதன் வேடம் பூண்டே இருமுறையும் வாசலைக் கடந்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே என் ஆர்வத்துக்குரியது. தமக்குத் தேவையான தகவலைப் பொதுவாயில் வழியே பெற இயலாத கருவிகள், ரிஃப்ளெக்‌ஷன் வழியாகச் சட்டகத்தின் அந்தரங்கப் புலங்களுக்குள்ளேயே நுழைந்தன. பொருள்கள் பைட்டுகளாக வரிசையாக்கப்படும்போது புலங்களின் பெயர்களும் உடன்படிக்கையின் பகுதியாகிவிட்டன. 1990களின் பெயரிடும் பழக்கப்படி அப்புலங்களின் முன்னால் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தது. அடுத்த பெரும்பதிப்பு வரும்வரை வரிசையாக்க ஒத்திசைவு கருதி அம்முன்னொட்டை விட்டுவைக்கவேண்டும் என்று மூலநிரலிலேயே குறிப்பு எழுதிவைத்தனர் பராமரிப்பாளர்கள். பரவலான ஏற்பு ஒரு சட்டகத்துக்கு வெற்றி என்கிறோம். அதைப் பராமரிப்போருக்கு அது விலங்காகவும் ஆயிற்று.

2015இல் ‘ஜேயூனிட் லாம்ப்டா’ என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது 50,000 யூரோவுக்கும் மேல் சேர்ந்தது. அதன் பயனாக 2017 செப்டம்பரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் முதன்மைச் சாதனையாக நான் கருதுவது, நிரலாளர்கள் கொண்டாடிய புதிய எழுத்துமுறையை அன்று. கருவிகள் பேசுவதற்கென ‘பிளாட்ஃபார்ம்’ என்னும் தனித்தளம், சோதனை எழுதுவோருக்கு ‘ஜூபிடர்’, பழைய சோதனைகளை இயக்க ‘வின்டேஜ்’ என்று செய்யப்பட்ட பிரிவினையே அது. இதனால், முற்றிலும் வேறொரு சட்டகமும் ஓர் இயக்குபொறியை எழுதி அதே தளத்தில் அமரலாம். ஒவ்வொரு கருவியின் வாசலிலும் தனித்தனியே காத்துநிற்க வேண்டியதில்லை.

தளம் அமைந்தாலும் ஆதரவு உடனே கிடைத்துவிடவில்லை. இன்டெலிஜே ஐடியா 2016லேயே, நிலைப்பதிப்பு வருமுன்பே, முந்திக்கொண்டது. கிரேடில் 2018 தொடக்கத்திலும் மேவனின் ஷ்யூர்ஃபயர் அவ்வாண்டின் நடுவிலும்தான் தாமாகவே ஆதரவளித்தன. அதுவரை இவ்விரண்டுக்குமான இணைப்பு நிரல்களை ஜேயூனிட் குழுவே எழுதிப் பராமரித்தது. கருவிகள் பொறுப்பேற்றதும் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நான்காம் கிளையோ 2020இல் 4.13 ஆக வெளிவந்தது. அந்த முன்னொட்டு அதிலும் அப்படியே இருக்கிறது.